டீசல் காரில் ஆட்டோமேட்டிக் கியர் சரியாக மாறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீசல் என்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சேர்ந்த கார்களில் கியர் மாறும்போது உதைப்பது, தாமதிப்பது, நழுவுவது, ஒரே கியரில் நின்றுவிடுவது ஆகிய குறைகளைக் கண்டறிவது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்ற முடிவு மிக எளிதாக எடுக்கப்படுகிறது. அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளோ பல கார்களில் செய்யப்படுவதே இல்லை. டீசல் காரில் இந்த அவசரம் கூடுதலாகத் தீங்கு செய்யும். கியர்பாக்ஸின் குறையாகத் தோன்றுபவற்றில் கணிசமானவை என்ஜின் பக்கத்தில் தொடங்குகின்றன.

கியர்பாக்ஸ் எந்த வகை என்று தெரியாமல் சோதனையைத் தொடங்கலாமா?

தொடங்கக் கூடாது. கிளட்ச் பெடல் இல்லாத கார்கள் எல்லாவற்றையும் நாம் ஆட்டோமேட்டிக் என்றே அழைத்தாலும் உள்ளே இருக்கும் அமைப்பு ஒன்றல்ல. எண்ணெயின் ஓட்டத்தால் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழியாக என்ஜினின் திருப்புவிசையைப் பெற்று, பிளானட்டரி கியர் தொகுதிகளையும் எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டுகளையும் கொண்டு கியர் மாற்றுவது ஒரு வகை. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொரு கிளட்ச் என இயங்குவது இரட்டைக் கிளட்ச் வகை. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியர் தண்டையும் மின்மோட்டாரோ ஹைட்ராலிக் அழுத்தமோ நகர்த்தினால் அது ஏ.எம்.டி. விட்டம் மாறும் கப்பிகளைக் கொண்ட சி.வி.டி. வகை டீசல் கார்களில் குறைவு.

ஏ.எம்.டி. காரில் கியர் மாறும் நொடியில் இழுவை அறுபட்டுத் தலை முன்னால் அசைவது அதன் இயல்பு. டார்க் கன்வெர்ட்டர் காரில் அதே அசைவு வந்தால் அது குறை. ஆகவே காரின் கையேட்டைப் பார்த்தோ, கியர்பாக்ஸின் மேல் ஒட்டியுள்ள தகட்டைப் பார்த்தோ, வகையையும் அதன் குறியீட்டையும் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர் வகையைப் பற்றியவை. இரட்டைக் கிளட்ச் வகைக்குத் தனியே ஒரு விடை உண்டு.

“கியர் சரியில்லை” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் போதாதா?

போதாது. உதைப்பும் நழுவலும் எதிரெதிரான காரணங்களால் வரக்கூடியவை என்பதால், இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிச் சொன்னால் தேடல் தவறான இடத்தில் தொடங்கும். கியர் விழும்போது முதுகில் தட்டுவது போன்ற அடி விழுந்தால் அது உதைப்பு. கிளட்ச் தட்டுகளை அழுத்தும் எண்ணெயின் அழுத்தம் தேவைக்கு மேல் இருப்பதையோ, தவறான நேரத்தில் வருவதையோ அது காட்டும். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் என்ஜினின் சுழற்சி தானாக மேலேறிப் பின் இறங்கினால் அது நழுவல். அங்கே அழுத்தம் போதவில்லை அல்லது தட்டுகள் தேய்ந்துள்ளன. கியர் மாற வேண்டிய வேகம் கடந்தும் மாறாமல் இழுத்துக்கொண்டே போவது மூன்றாவது வகை. சீரான வேகத்தில் போகும்போது வரும் நடுக்கம் நான்காவது. பார்க்கிங்கிலிருந்து டி-க்கோ ஆர்-க்கோ தள்ளிய பிறகு வண்டி இழுவை பிடிக்கத் தாமதிப்பது ஐந்தாவது.

இவற்றோடு நான்கு விவரங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எந்த கியரிலிருந்து எந்த கியருக்கு மாறும்போது, எந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கையில், என்ஜின் குளிர்ந்த நிலையிலா சூடான பிறகா. இந்த நான்கும் எழுதப்பட்ட ஒரு தாள், காரின் கணினியைப் படிக்கும் விலை உயர்ந்த ஸ்கேனர் தரும் தகவலுக்குக் குறைந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. பணிமனையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பவருக்குக் குறை வெளிப்படாமல் போவது அடிக்கடி நடக்கும். அந்தத் தாள் இருந்தால் அதே சூழலை அவர் உருவாக்கிப் பார்க்க முடியும்.

குறை என்ஜினிலா கியர்பாக்ஸிலா என்பதை எப்படிப் பிரிப்பது?

டாஷ்போர்டில் உள்ள இரண்டு முட்களை ஒன்றாகப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜினின் சுழற்சி ஏறுகிறது, ஆனால் வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால், விசை வழியில் எங்கோ நழுவுகிறது. கியர்பாக்ஸையோ டார்க் கன்வெர்ட்டரையோ சந்தேகிக்கலாம். சுழற்சியும் வேகமும் சேர்ந்தே தயங்கி நிற்கின்றன என்றால் என்ஜின் விசை தரவில்லை. அடைபட்ட டீசல் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது ஆகியவை இந்த இரண்டாவது நிலையை உண்டாக்கும். ஓட்டுபவருக்கோ “கியர் இறங்க மாட்டேன் என்கிறது” என்றே தோன்றும்.

இதைவிட நுட்பமான தொடர்பு ஒன்று இருக்கிறது. நவீன ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தன்னிடம் எவ்வளவு திருப்புவிசை வருகிறது என்பதை நேரடியாக அளக்கும் கருவி பொதுவாகக் கிடையாது. என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி, செலுத்தும் டீசலின் அளவு, உள்ளே வரும் காற்றின் அளவு, டர்போ அழுத்தம் ஆகியவற்றிலிருந்து ஒரு மதிப்பைக் கணக்கிட்டு அனுப்புகிறது. கியர்பாக்ஸின் கணினி அந்த மதிப்பை நம்பி, கிளட்ச் தட்டுகளை எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. காற்றளவு சென்சாரில் அழுக்குப் படிந்தோ, டர்போ ஹோஸ் கசிந்தோ, இன்ஜெக்டர் கூடுதலாகச் சொட்டியோ அந்த மதிப்பு பிசகினால், கியர்பாக்ஸ் பொய்யான தகவலுக்குச் சரியாக வேலை செய்யும். உண்மையில் வரும் விசை குறைவாகவும் அறிவிக்கப்பட்டது அதிகமாகவும் இருந்தால் உதைக்கும்; மாறாக இருந்தால் நழுவும். கியர் மாறும் கணத்தில் டீசலைச் சற்றுக் குறைத்து விசையைத் தணிக்கும்படி கியர்பாக்ஸ் என்ஜினிடம் கேட்பதும் உண்டு. அந்தக் கோரிக்கையை என்ஜின் நிறைவேற்றாவிட்டாலும் உதைப்பு வரும்.

எனவே டீசல் காரில் கியர் குறை என்று வந்தால், என்ஜினின் பிழைக்குறிகளையும் டர்போ அழுத்தத்தில் கணினி கேட்ட அளவு, உண்மையில் கிடைத்த அளவு ஆகிய இரண்டையும் பார்க்காமல் கியர்பாக்ஸின் மேல் கை வைக்கக் கூடாது.

சில நாட்களில் மட்டும் கியர் மாறத் தாமதிக்கிறது. பிறகு தானாகச் சரியாகிறது. ஏன்?

டீசல் துகள் வடிகட்டி, அதாவது டி.பி.எஃப்., தன்னில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரமாக அது இருக்கக்கூடும். அப்போது புகைவழியின் வெப்பம் சுமார் 600 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பதால் பல கார்களில் ஐடில் சுழற்சி சற்று உயர்த்தப்படுகிறது. மேல் கியருக்கு மாறுவதும் தள்ளிப்போடப்படுகிறது. வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி ஓடுவது, நொடிநேர மைலேஜ் குறைந்து காட்டுவது, சூடான வாடை ஆகியவை இதற்கான அடையாளங்கள். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வந்து 10, 20 நிமிடங்களில் போய்விட்டால் கவலை வேண்டாம். தினமும் வந்தால் வடிகட்டியையோ இன்ஜெக்டர்களையோ பார்க்க வேண்டும்; கியர்பாக்ஸை அல்ல.

ஸ்கேனரில் வரும் பிழைக்குறிகளை எப்படிப் படிப்பது?

மலிவான கருவிகள் பெரும்பாலும் என்ஜினின் கணினியை மட்டுமே படிக்கும். அதில் பி0700 என்று வந்தால், கியர்பாக்ஸின் கணினியிடம் வேறொரு குறி இருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள் என்பதுதான் பொருள். பி0700-ஐ மட்டும் காட்டி ஒருவர் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொன்னால், அவர் இன்னும் சோதனையைத் தொடங்கவே இல்லை.

கியர்பாக்ஸின் கணினியைப் படிக்கும் கருவியில் வருபவற்றில் சிலவற்றை அறிந்துவைப்பது நல்லது. பி0715 உள்வரும் தண்டின் வேக சென்சாரையும், பி0720 வெளிச்செல்லும் தண்டின் வேக சென்சாரையும் குறிக்கும். பி0731-இலிருந்து தொடரும் குறிகள் முதல் கியர், இரண்டாம் கியர் என அந்தந்த கியரின் விகிதம் பொருந்தவில்லை என்று சொல்லும். பி0741 என்பது டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளவில்லை என்பது. பி0750 முதல் வருபவை, எண்ணெய் வழிகளைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சோலினாய்டுகளைச் சார்ந்தவை. பி0218 கியர்பாக்ஸ் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானதைப் பதிவு செய்கிறது.

பிழைக்குறி எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. கணினி எதைக் கண்டு திகைத்தது என்று மட்டுமே சொல்கிறது. கியர் விகிதம் பொருந்தவில்லை என்ற குறியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் வேகத்தை வெளியே போகும் வேகத்தால் வகுத்து வரும் விடை எதிர்பார்த்ததற்குப் பொருந்தாதபோது அது எழுகிறது. கிளட்ச் தட்டு நழுவினாலும் பொருந்தாது. வேக சென்சார்களில் ஒன்று தவறாக அளந்தாலும் பொருந்தாது. முதலாவது கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை. இரண்டாவது பல கார்களில் கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்கும் அடித்தட்டைக் கழற்றியே முடித்துவிடக்கூடிய வேலை. ஓட்டும்போது இரண்டு வேகங்களையும் வரைபடமாகப் பார்த்தால், அளவு திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து மீண்டால் சென்சார் அல்லது வயர், படிப்படியாக விலகினால் நழுவல் என்று பிரிக்கலாம். குறிகளை அழிப்பதற்கு முன், அவை பதிவான நேரத்து வேகம், வெப்பம், வோல்டேஜ் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளத் தவறாதீர்கள். அழித்தால் அவையும் போய்விடும்.

கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

மிகப் பல விஷயங்களை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை; கிளட்ச் தட்டுகளை அழுத்துவதும், டார்க் கன்வெர்ட்டரில் விசையைக் கடத்துவதும், வெப்பத்தை வெளியே கொண்டுபோவதும் அதுவே. அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுத்து, எண்ணெய் நுரைத்து, அழுத்தம் விழும். வளைவில் திரும்பும்போதோ ஏற்றத்திலோ மட்டும் நழுவுவது இதன் தொடக்க அடையாளம். அளவு மிகுந்தாலும் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும்.

அளவைப் பார்க்கும் முறை காருக்குக் கார் வேறுபடும். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர், எட்டு கியர் பெட்டிகளில் அளவுக்குச்சி கிடையாது. வண்டி சமதளத்தில் நிற்க, என்ஜின் ஓட, எண்ணெயின் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்புதுளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். எண்ணெய் சூடாகும்போது விரியும் என்பதால், வெப்பத்தை ஸ்கேனரில் பார்க்காமல் எடுக்கும் அளவு பயனற்றது.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். புதிதாக இருக்கும்போதே எல்லா எண்ணெய்களும் சிவப்பாக இருப்பதில்லை. கருகிய வாடை வந்தால் தட்டுகள் எரிந்துள்ளன. அடித்தட்டின் காந்தங்களில் நைசான சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் உலோகச் சில்லுகளோ பித்தளைத் துணுக்குகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. எண்ணெய் இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் கசிந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று பொருள். இதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து: கூலன்டில் உள்ள கிளைக்காலும் நீரும் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சை ஒட்டிவைக்கும் பசையைக் குலைக்கின்றன. வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு, குளிர்விப்பானை மாற்றிய பிறகே மற்ற எதையும் யோசிக்க வேண்டும்.

‘வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்’ என்று சொல்கிறார்களே?

கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கிறது. கார் நிறுவனத்தின் கையேடு என்ன சொன்னாலும், அதிகச் சுமையையும் அடிக்கடி நின்று புறப்படும் ஓட்டத்தையும் தாங்கும் டீசல் காருக்கு இந்த எல்லையின் கீழ்ப்பகுதியைப் பின்பற்றுவதே நல்லது.

“எண்ணெயை மாற்றியதும் கியர்பாக்ஸ் போய்விட்டது” என்ற அச்சமும் பரவலாக உள்ளது. இதில் பெரும்பாலும் நடப்பது, நழுவத் தொடங்கிய பிறகு கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றப்படுவதுதான். தேய்ந்த தட்டுக்குப் புதிய எண்ணெய் உயிர் தராது. குறை இலேசான நடுக்கமாகவோ சிறு உதைப்பாகவோ இருக்கும் நிலையில், கார் நிறுவனம் குறிப்பிட்ட தரத்து எண்ணெயை ஊற்றினால் பல நேரம் தெளிவான முன்னேற்றம் கிடைக்கும். அடித்தட்டைக் கழற்றி வடித்தால் டார்க் கன்வெர்ட்டரில் உள்ள பழைய எண்ணெய் அப்படியே தங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டாம் முறை வடித்து நிரப்புவது பயன் தரும்.

சீராக 60 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி நடுங்குகிறது. டயரா, என்ஜினா, கியர்பாக்ஸா?

அந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தியிருக்கையில், வேகத்தடைக் கோடுகளின் மேல் ஓடுவது போன்ற நடுக்கம் ஓரிரு நொடிகள் வந்து போனால் முதல் சந்தேகம் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்சின் மேல் விழ வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக அந்த கிளட்ச் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டுகிறது. பல பெட்டிகளில் முழுதும் பூட்டாமல் சில பத்துச் சுழற்சிகள் அளவுக்குத் திட்டமிட்டு நழுவவிடவும் செய்கிறது. டீசல் என்ஜின் குறைந்த சுழற்சியிலேயே பெரும் திருப்புவிசையைத் தருவதால் இந்தச் சிறிய கிளட்சின் பாடு கடினமானது. எண்ணெய் கெட்டதும் முதலில் முறையிடுவது இதுவே.

சோதிக்க எளிய வழி உண்டு. பின்னால் வண்டி எதுவும் வராத நேரான சாலையில், நடுக்கம் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை அசைக்காமல், இடது காலால் பிரேக் பெடலைப் பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பல கார்களில் பிரேக் சுவிட்ச் இயங்கியவுடன் லாக்-அப் விடுபடும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் காரணம் லாக்-அப் கிளட்ச் அல்லது அதன் சோலினாய்டு. நிற்கவில்லை என்றால், மேனுவல் முறைக்கு மாற்றி ஒரு கியர் இறக்கி அதே வேகத்தில் ஓட்டுங்கள். நடுக்கம் வேகத்தோடு ஒட்டியே இருந்தால் டயர், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போக வேண்டும். சுழற்சி மாறியதும் மறைந்தால் என்ஜினைப் பார்க்க வேண்டும். ஒரு இன்ஜெக்டர் சற்றுக் குறைவாக டீசல் தந்தாலும் சுமையின் கீழ் ஏறக்குறைய இதே நடுக்கம் வரும். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய திருத்த அளவுகளை ஒப்பிட்டால் அது வெளிப்பட்டுவிடும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் டார்க் கன்வெர்ட்டரை மாற்றிவிட்டு, நடுக்கத்தோடு காரைத் திரும்பப் பெறுவதைவிட வேதனையான செலவு வேறில்லை.

குறிப்பிட்ட சில கியர்களில் மட்டும் நழுவுகிறது. இதிலிருந்து ஏதாவது ஊகிக்க முடியுமா?

ஊகிப்பதற்கு மேலாகவே முடியும். எந்த கியரில் எந்த கிளட்ச் பிடித்திருக்கும் என்பதற்கு ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் ஓர் அட்டவணை உண்டு. 2009-இல் கார்களுக்கு வந்து, பின் ஏராளமான டீசல் கார்களில் இடம்பெற்ற இசட்.எஃப். 8எச்பி பெட்டியில் நான்கு பிளானட்டரி கியர் தொகுதிகளும் ஐந்து பிடிப்பு உறுப்புகளும் உள்ளன. ஏ, பி, சி, டி, ஈ எனப் பெயரிடப்பட்ட அந்த ஐந்தில் ஒவ்வொரு கியரிலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். முதல் கியரில் ஏ, பி, சி. இரண்டில் ஏ, பி, ஈ. மூன்றில் பி, சி, ஈ. நான்கில் பி, டி, ஈ. ஐந்தில் பி, சி, டி. ஆறில் சி, டி, ஈ. ஏழில் ஏ, சி, டி. எட்டில் ஏ, டி, ஈ. பின்னோக்கிச் செல்லும்போது ஏ, பி, டி.

இப்போது ஒரு கார் 2, 3, 4, 6, 8 ஆகிய கியர்களில் நழுவி, 1, 5, 7 ஆகியவற்றிலும் ரிவர்ஸிலும் ஒழுங்காக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நழுவும் கியர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகவும் மற்றவற்றில் இல்லாமலும் இருப்பது ஈ ஒன்றே. பெட்டியைத் திறக்காமலேயே குறை ஓர் உறுப்புக்கும் அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் வழிக்கும் சுருங்கிவிட்டது. அந்த வழியில் சோலினாய்டு, எண்ணெயைப் பங்கிட்டு அனுப்பும் வால்வு பாடி, சீல், தட்டு என நான்கு இடங்கள் உள்ளன. முதல் இரண்டும் கியர்பாக்ஸை இறக்காமல் கைக்கு எட்டுபவை. எல்லா கியர்களிலும் ஒரே மாதிரி நழுவினால் தனி கிளட்சைத் தேடுவதில் பயனில்லை. பம்ப், அடைபட்ட ஃபில்டர், எண்ணெய் அளவு, மொத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

திடீரென்று ஒரே கியரில் நின்றுவிட்டது; நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. என்ன நடக்கிறது?

கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ளும் அவசர நிலைக்குப் போயிருக்கிறது. நம்ப முடியாத ஒரு தகவல் வந்ததும் கணினி சோலினாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தி, வீடு போய்ச் சேர ஒரு கியரை மட்டும் விட்டுவைக்கும். மெர்சிடிஸ்-பென்ஸின் ஐந்து கியர் 722.6 பெட்டியில் அது இரண்டாம் கியர். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாவது, உள்ளே இயந்திரப் பாகம் உடையவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. மின்சாரம், வயர், சென்சார் ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

முதலில் பேட்டரி. டீசல் என்ஜினைச் சுழற்ற அதிக மின்சாரம் தேவை. தளர்ந்த பேட்டரி ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜை வெகுவாக இறக்கிவிடும். அந்த நொடியில் விழித்தெழும் கணினி பிழையைப் பதிந்துகொள்ளும். ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் இருப்பது முழு சார்ஜ். அடுத்து, என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் வயர். அதற்கடுத்து, கியர்பாக்ஸின் மின்இணைப்பான். மேலே சொன்ன 722.6 பெட்டியில் அந்த இணைப்பான் நுழையும் பிளாஸ்டிக் புஷ்ஷின் ரப்பர் வளையம் முதிர்ந்ததும், எண்ணெய் கசிந்து வயர்களின் உள்ளேயே ஏறிக் கணினியின் இணைப்பு வரை போய்ச் சேர்வது பெயர்பெற்ற குறை. மிகச் சிறிய பாகம். அது செய்யும் குழப்பமோ முழுக் கியர்பாக்ஸும் போய்விட்டதாக நினைக்க வைக்கும்.

குளிர்ந்திருக்கும்போது மட்டும், அல்லது சூடான பிறகு மட்டும் குறை வருவது எதைக் காட்டுகிறது?

குளிரில் மட்டும் தாமதமும் உதைப்பும் இருந்து, சில கிலோமீட்டரில் மறைந்தால் இறுகிப்போன ரப்பர் சீல்களையும் பழைய எண்ணெயையும் நினைக்க வேண்டும். சீல் சூடானதும் நெகிழ்ந்து மூடிக்கொள்கிறது. குளிர்ந்த என்ஜினில் மேல் கியருக்குச் சற்றுத் தாமதமாகப் போவதும் லாக்-அப் பூட்டாததும் இயல்பே. சூடான பிறகு மட்டும் நழுவுவது கவலைக்குரியது. எண்ணெய் மெலிந்ததும், தேய்ந்த வால்வு துளைகள் வழியே அழுத்தம் கசிந்து போகிறது. குளிர்விப்பான் அடைபட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கமான ஓட்டத்தில் 80, 90 டிகிரி அளவில் நிற்க வேண்டிய எண்ணெய் 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடும்.

டி-க்குத் தள்ளினால் இரண்டு மூன்று நொடி கழித்தே இழுவை பிடிக்கிறது. இது பெரிய குறையா?

இரவெல்லாம் நின்ற பிறகு காலையில் முதல் முறை மட்டும் என்றால், டார்க் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்து கீழே இறங்கியிருக்கலாம். நாள் முழுவதும் ஒவ்வொரு முறையும் தாமதித்தால் எண்ணெயின் அளவை உடனே பாருங்கள்.

பழைய டீசல் மெர்சிடிஸில் கணினியே இல்லை. அதில் உதைப்பு ஏன் வருகிறது?

1976-இல் வெளிவந்த டபிள்யூ123 வரிசையின் 300டி போன்ற கார்களில் குறையைத் தேட வேண்டிய இடம் வேக்குவம், அதாவது வெற்றிடம், செல்லும் குழாய்கள். பெட்ரோல் என்ஜினில் திராட்டில் தட்டுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம், என்ஜினின் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும். இந்த டீசலில் திராட்டில் தட்டு இல்லாததால் அந்த வெற்றிடமும் இல்லை. அதை ஈடுகட்ட என்ஜினால் ஓடும் வேக்குவம் பம்ப்பையும், டீசல் பம்ப்பின் மேல் அமர்ந்து ஆக்சிலரேட்டரின் அசைவைப் பின்பற்றும் ஒரு வால்வையும் வைத்தார்கள். பெடல் விட்டிருக்கும்போது பிடிப்பின் இறுக்கத்தை மாற்றும் கியர்பாக்ஸின் மாடுலேட்டருக்கு அதிக வேக்குவம் போய் கியர் மென்மையாக மாறும். பெடலை அழுத்த அழுத்த வேக்குவம் குறைந்து பிடிப்பு இறுகும். ஆகவே குழாய் கசிந்தால் கியர்பாக்ஸ் எப்போதும் முழுச் சுமை என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்திலும் உதைக்கும். வேக்குவம் தேவைக்கு மேல் நின்றால் நழுவும்.

அதே பம்ப்தான் கதவுப் பூட்டுகளையும், சாவியைத் திருப்பியதும் என்ஜினை அணைக்கும் கருவியையும் இயக்குகிறது. எனவே கியர் உதைப்பதோடு, சாவியை எடுத்த பிறகும் என்ஜின் சில நொடிகள் ஓடிக்கொண்டிருந்தால், கியர்பாக்ஸைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போகக்கூடும். கை வேக்குவம் பம்ப்பில் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே இழுத்துப் பார்த்து, நிற்காத கிளையைக் கண்டுபிடியுங்கள். பல நேரம் அது ஒரு கதவுக்குள் கிழிந்த ரப்பர் சவ்வாகவே இருக்கும். மாறும் வேகம் முன்னதாகவோ பின்னதாகவோ இருந்தால் ஆக்சிலரேட்டரோடு இணைந்த கேபிளின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும்; வேக்குவம் மென்மையையும் கேபிள் நேரத்தையும் ஆள்கின்றன என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

ஸ்டால் சோதனையை நானே செய்து பார்க்கலாமா?

பிரேக்கை முழுதாக அழுத்தி, டி-யில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி என்ஜின் எவ்வளவு சுழற்சி வரை ஏறுகிறது என்று பார்ப்பது ஸ்டால் சோதனை. குறிப்பிட்ட அளவைவிட அதிகம் ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. குறைவாக நின்றால் என்ஜினில் விசை இல்லை அல்லது டார்க் கன்வெர்ட்டரின் உள்ளே ஸ்டேட்டர் பழுது. இந்த நிலையில் என்ஜின் தரும் விசை முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறுவதால் ஐந்து நொடிக்கு மேல் செய்யக் கூடாது. பல புதிய கார்களில் கணினியே விசையைக் குறைத்துவிடும் என்பதால் விடையும் தவறாக வரும். வண்டி பாய்ந்துவிடும் அபாயம் வேறு. பணிமனைக் கையேட்டில் இந்தச் சோதனைக்கு அனுமதியும் எண்ணும் இருந்தால், பழகியவர் செய்யட்டும். மற்றவர்கள் செய்ய வேண்டாம்.

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் சோதனை எப்படி மாறுபடும்?

டார்க் கன்வெர்ட்டர் இல்லாததால் லாக்-அப் நடுக்கம் என்ற கேள்வியே அங்கு எழாது. அதற்குப் பதிலாக, நின்ற இடத்திலிருந்து நகரும்போது வரும் நடுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கிளட்ச் உலர்வகையா எண்ணெயில் நனைந்ததா என்பது முக்கியம். ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் டிகியூ200 உலர்வகை, 250 நியூட்டன் மீட்டர் வரையிலான சிறிய என்ஜின்களுக்கானது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் தட்டுகள் சூடாகி நடுங்கும். ஆறு கியர் டிகியூ250 எண்ணெய்வகை. அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஒற்றைப்படை கியர்களில் மட்டும் குறை என்றால் ஒரு கிளட்ச் பக்கம், இரட்டைப்படையில் மட்டும் என்றால் மறுபக்கம். ஐடிலில் உலோகம் கலகலக்கும் ஒலி வந்து, சுழற்சியைச் சற்று ஏற்றியதும் மறைந்தால், டீசலின் துடிப்பைத் தாங்கும் இரட்டைப் பொருண்மை ஃப்ளைவீலைப் பாருங்கள்.

குறையோடு ஓட்டலாமா? இழுத்துச் செல்ல நேர்ந்தால்?

சிறு உதைப்பு என்றால் சோதனை நடக்கும் வரை மெதுவாக ஓட்டலாம். நழுவத் தொடங்கிவிட்டால் ஓட்டாதீர்கள். நழுவும் தட்டு சில நிமிடங்களில் எரிந்து, அதன் துகள்கள் வால்வு பாடி முழுவதும் பரவும். இழுத்துச் செல்லும்போது விசை பெறும் சக்கரங்கள் தரையைத் தொடக் கூடாது. எண்ணெய்ப் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும்; என்ஜின் நின்றிருக்கச் சக்கரம் சுழன்றால் உள்ளே உலர்ந்த உலோகம் உரசும். நான்கு சக்கர இயக்கம் என்றால் முழு வண்டியையும் மேலேற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பழுது பார்த்த பிறகும் கியர் முன்போல மென்மையாக இல்லை. வேலை தவறாகிவிட்டதா?

உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். தட்டுகள் தேயத் தேய, ஒவ்வொரு கிளட்சையும் நிரப்ப எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் தேவை என்பதைக் கணினி கற்றுச் சேமித்துவைக்கிறது. புதிய தட்டோ புதிய சோலினாய்டோ போட்ட பிறகு பழைய கற்றல் பொருந்தாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலான கார்களில் அது அழிவதும் இல்லை. ஸ்கேனரால் அழித்துவிட்டு, எண்ணெய் வேலை வெப்பத்துக்கு வந்த பின், நிறுவனம் சொல்லும் வரிசைப்படி ஓட்டிக் கற்பிக்க வேண்டும்: இலேசான ஆக்சிலரேட்டரில் ஒவ்வொரு கியராக ஏறுவது, பெடலை விட்டு மெதுவாக நிற்கும் வரை இறங்குவது, இதையே பலமுறை செய்வது. பழுது பார்த்தவரிடம் கற்றல் அழிக்கப்பட்டதா, எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது, எந்த வெப்பத்தில் அளவு பார்க்கப்பட்டது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் கழித்தும் அதே கியரில் அதே வேகத்தில் அடி விழுந்தால், முதலில் நீங்கள் எழுதிய தாளையும் புதிதாக எடுத்த ஸ்கேனர் பதிவையும் அருகருகே வைத்து, மாறியது எது, மாறாதது எது என்று அவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.